நெல்லுக்குத் திகதி உண்டு

சம்மாந்துறைப் பகுதியில் ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் ஒரு கூட்டம் நடைபெறுவதை நம் வாசகர்களுட் பலர் அறிவர். ஆரம்பக் கூட்டம் என்பது அதன் பெயர். நீர்ப்பாசன உத்தியோகத்தர்களும், வட்டவிதானைமாரும், போடிமாரும், குத்தகைக்குச் செய்வோரும் ஒரே மண்டபத்தில் அமர்வர். வாய்க்காலில் நீர் எந்நாளில் திறக்கப்படும், எந்நாளுக்குள் விதைத்து முடித்தல் வேண்டும், எந்நாளில் நீர் நிறுத்தப்படும் என்பன அங்கே திகதியிட்டு முடிவு செய்யப்படும். வாக்குவாதம் காரசாரமாகவே நடக்கும். ஆயினும் கூட்டம் கலையும்போது எல்லோர் கையிலும் ஒரு திகதி இருக்கும். பருவம் தவறிய பயிருக்குப் பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சியும் பயனில்லை என்பதை இவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இதே ஊரில் ஒரு தாய், தன் மகன் மூன்றாம் தரத்துக்கு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்க மாட்டாதிருக்கிறான் என்றோ, மூன்று வயது நிரம்பிய மகள் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றோ கவலைகொண்டு, இப்பிள்ளைக்கு எவ்வகையில் கற்பித்தல் வேண்டும் என்று ஆராய்ந்து சொல்லுங்கள் எனக் கேட்டால், அவளுக்கு அத்தகைய திகதி எதுவும் கிடைப்பது அரிது. "பார்ப்போம்" என்பர், "அடுத்த தவணை வரட்டும்" என்பர், "கடிதம் அனுப்பியிருக்கிறோம்" என்பர். இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இக்காத்திருப்பே.

முதலில் ஒரு சொல்லை விளக்கிக்கொள்வோம். விசேட கல்வித் தேவை என்பது ஒரு நோயின் பெயரன்று. இங்கிலாந்தில் மேரி வார்னொக் அம்மையாரின் தலைமையில் அமைந்த குழு 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே இச்சொல்லை உலகெங்கும் பரவச் செய்தது. அதற்கு முன்னர்ப் பிள்ளைகளை இன்ன குறையுடையோர் என்று இனம் பிரித்துப் பெயர் சூட்டுவதே வழக்கம். இப்பிள்ளை கற்பதற்கு மேலதிகமாக எது வேண்டும் என்று வினவுவதே தக்க முறை என்றது அக்குழு. பள்ளிப் பருவத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில், ஐந்து பிள்ளைகளில் ஒருவர் வரை இத்தகைய உதவியை நாடுவர் என்றும் அது கணித்தது. ஐவரில் ஒருவர் எனின், நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் சுற்றத்திலும் இப்பேச்சுக்கு இடமுண்டு என்பது வெளிப்படை.

இனி, ஒரு பிள்ளை செல்லும் வழியை அடியெடுத்துப் பார்ப்போம். பிறந்தவுடனே தாயின் கையில் குழந்தையின் சுகாதார விருத்திப் பதிவேடு கொடுக்கப்படுகின்றது. நிறையும் தடுப்பூசியும் மட்டுமன்றி, குழந்தை எப்போது முகம் பார்த்துச் சிரித்தது, எப்போது ஒலி வந்த திக்கை நோக்கியது, எப்போது நடந்தது, எப்போது பேசியது என்பனவற்றையும் குறித்துக்கொள்ள அதில் இடமுண்டு. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். ஏழை நாடுகள் பலவற்றுக்கு வாய்க்காத பேறு இது. பின்னர்ப் பிள்ளை பாலர் பாடசாலைக்கும் அதன்பின் முதலாம் தரத்துக்கும் செல்கின்றது. பாடசாலையில் வைத்தியப் பரிசோதனை நடைபெறுகின்றது. ஆகவே, கண்டுபிடிப்பதற்கு வழியே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். வழி இருக்கின்றது, வழியெங்கும் தரிப்பிடங்களும் இருக்கின்றன.

வகுப்பாசிரியர் ஐயுற்றால் அதிபரிடம் கூறுவார். அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவார். அங்கிருந்து விசேட கல்விக்குப் பொறுப்பானவர் வந்து பார்த்தல் வேண்டும். செவியோ விழியோ என்ற ஐயம் எழுந்தால் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். சம்மாந்துறை ஆதார வைத்தியசாலையில் முடியாதது கல்முனைக்கும், கல்முனையில் முடியாதது மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும், அதற்கும் மேற்பட்டது கொழும்புக்கும் போகும். பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர், செவிப்புலன் பரிசோதகர் ஒருவர், உளநல வைத்தியர் ஒருவர் என்று தனித்தனியே நாள் பெறுதல் வேண்டும். இவ்வாறு ஆறு இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோரிடத்திலும் இரண்டே மாதக் காத்திருப்பு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் என்பது எந்தப் பணிமனைக்கும் பெருந்தாமதமாகத் தோன்றாது. ஆனால் பிள்ளைக்கு ஓராண்டு கழிந்துவிடும். எவர் மீதும் குற்றமில்லாமலே ஒரு வகுப்பு முழுவதும் வீணாகிவிடுவது இவ்வாறுதான்.

இவற்றோடு வீட்டின் நிலைமையையும் சேர்த்தல் வேண்டும். தந்தை கத்தாரிலோ சவூதியிலோ தொழில் செய்பவராயின், தாயே தனித்துப் பிள்ளையை அழைத்துச் செல்லல் வேண்டும். காரைதீவுச் சந்திக்கு வந்து, அங்கிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் பேருந்து ஏறி, எண்துண்டு எடுத்துக் காத்திருந்து, "இன்று டொக்டர் இல்லை" என்ற பதிலோடு திரும்பினால், மீண்டும் அப்பயணத்தை மேற்கொள்ள எத்தனை தாய்மார்க்கு மனந்துணியும்? அறுவடைக் காலத்தில் கூலிவேலைக்குச் செல்லும் தந்தையாயின் ஒருநாட் பயணம் என்பது ஒருநாட் சம்பளம். கட்டணமின்றிக் கிடைக்கும் சேவைக்கும் ஏழைகள் இவ்வாறு விலை கொடுக்கிறார்கள்.

காலம் ஏன் இவ்வளவு பெரிதாகின்றது என்று சிலர் கேட்கலாம். செவியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் செவிப்புலன் குன்றிய குழந்தைகளை ஆராய்ந்து 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இன்றும் வைத்திய உலகில் எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆறு மாத வயதுக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், அதன்பின் கண்டறியப்பட்ட குழந்தைகளைக் காட்டிலும் மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மொழியைக் கற்கும் மூளை முதலாண்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றது. அவ்வேளையில் ஒலி சென்று சேராவிடின் பின்னர்ச் செவிக்கருவி பொருத்தினாலும் இழந்ததை மீட்பது கடினம். செவியில் நீர்கோத்து அவ்வப்போது கேள்வி மந்தமாகும் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் ஒருநாள் பதில் சொல்வார்கள், மறுநாள் சொல்லமாட்டார்கள். "வேண்டுமென்றே கேளாதிருக்கிறான்" என்று அடிவாங்குவோர் பெரும்பாலும் இவர்களே. கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர். தனக்குத் தெரிவது போலவே எல்லோர்க்கும் தெரிகிறது என்று அப்பிள்ளையே நினைத்திருக்கும்.

வாசிப்புக் குறைபாடு இவற்றினும் மறைவானது. டிஸ்லெக்சியா என்று வைத்தியர் கூறும் இக்குறைபாட்டைப் பற்றி 1896 ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர் எழுதினார். அவர் கண்ட சிறுவனுக்குப் பதினான்கு வயது. கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் சிறு சொற்களையும் அவனால் வாசிக்க இயலவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் அப்பள்ளியிலேயே சூட்டிகையான மாணவன் அவனாகவே இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம்.

இதைப் படிக்கும்போது நம் ஊர்களின் குர்ஆன் மத்ரஸாக்கள் நினைவுக்கு வருகின்றன. ஹஸரத் ஓதிக்காட்டியதை ஒருமுறை இருமுறை கேட்டவுடனே மனனமாக ஒப்புவிக்கும் பிள்ளை, அதே பக்கத்தை விரலால் தொட்டு ஓதச் சொன்னால் தடுமாறுவதுண்டு. பாடசாலையில் கதையைக் கேட்டு அழகாகத் திருப்பிச் சொல்லும். அக்கதையை வாசிக்கச் சொன்னால் விழிக்கும். இவ்விரண்டையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தால், நினைவும் அறிவும் நன்றாகவே இருக்கின்றன, எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்திலேதான் சிக்கல் என்பது புலப்படும். ஆனால் மத்ரஸாவில் கண்டது பாடசாலைக்குத் தெரியாது. பாடசாலையில் கண்டது ஹஸரத்துக்குத் தெரியாது. இரண்டையும் அறிந்தவள் உம்மா ஒருத்தியே. அவளை எவரும் கேட்பதில்லை.

தமிழ் எழுத்திலும் நுட்பமான இடர்கள் உள. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கள்; "கெ" என்பதில் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலியோ பின்னே வருகின்றது; "கொ" என்பதில் மெய்யின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. மத்ரஸாவில் வலமிருந்து இடமாகவும் பாடசாலையில் இடமிருந்து வலமாகவும் வாசித்தல் வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இதனை எளிதில் கடந்துவிடுகிறார்கள். சிலர் கடப்பதில்லை. அதே வேளையில், "பழம்" என்பதைப் "பளம்" என்று எழுதும் பிள்ளை எல்லாம் குறைபாடுடையதன்று. பேச்சில் ழகரமும் ளகரமும் வேறுபடாத இடத்தில் வளரும் பிள்ளை காதிற் கேட்டதையே எழுதுகின்றது. பேச்சு வழக்கால் வரும் பிழை எது, வாசிப்புக் குறைபாட்டால் வரும் பிழை எது என்று பிரித்தறிய, இவ்வூர்ப் பேச்சை அறிந்த ஒருவர் வேண்டும்.

மதிப்பீடு எந்த மொழியில் நடைபெறுகின்றது என்பதை நாம் இதனாலேயே வற்புறுத்துகிறோம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஆக்கிய வினாக்களை அவ்விடத்திலேயே மொழிபெயர்த்துக் கேட்பதும், தமிழ்நாட்டில் ஆக்கியதை அப்படியே கொண்டுவருவதும் நீதியாகா. "நாற்காலியைக் காட்டு" என்றால் சம்மாந்துறைப் பிள்ளை விழிக்கும். "கதிரையைக் காட்டு" என்றால் ஓடிச்சென்று தொடும். இதில் தோற்றது பிள்ளையா, வினாவா? பேச்சுச் சிகிச்சைக்குத் தமிழ் பேசும் ஒருவர் கிடைப்பது அரிதாக இருக்கும்வரை, காத்திருப்போரின் வரிசையில் தமிழ்ப் பிள்ளையின் காத்திருப்பு மற்றவர்களினதைக் காட்டிலும் நீளமாகவே இருக்கும். இத்துறையில் தமிழ் மாணவர் மேலும் பலர் சேருதல் வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவர்கள் வைத்தியர் என்ற ஒரே கனவோடு நின்றுவிடாது, இராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் நடத்தும் பேச்சு, மொழிச் சிகிச்சைப் பட்டப்படிப்பையும் விசாரித்துப் பார்ப்பார்களாக.

நம் நாட்டில் இத்துறை புதியதன்று. மேரி சப்மன் என்னும் ஆங்கில மாதின் முயற்சியால் செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற பிள்ளைகளுக்கு 1912 இல் ஒரு பள்ளி தோன்றி, பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. யாழ்ப்பாணத்தில் கைதடி நவீல்ட் பாடசாலை 1956 இல் தொடங்கியது. 1960களின் இறுதியில் இப்பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிலேயே சேர்த்துக் கற்பிக்கும் திட்டத்தை அரசு மேற்கொண்டது. வலுக்குறைவைக் காரணமாகக் காட்டி எந்தக் கல்வி நிலையமும் அனுமதி மறுத்தல் கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. கட்டாயக் கல்வி விதிகள் 1998 முதல் ஐந்து முதற் பதினான்கு வயதினர்க்கு நடைமுறைக்கு வந்தன. 2016 இல் அவ்வெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. இவை எல்லாம் பிள்ளைக்கு வகுப்பறையில் ஓர் இருக்கையைத் தருகின்றன. அவ்விருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன தேவை என்று இத்தனை நாளுக்குள் பார்த்தல் வேண்டும் என்னும் கெடுவை 1996 ஆம் ஆண்டுச் சட்டம் வைக்கவில்லை. பிள்ளையோ ஆண்டுக்கொரு வகுப்பாக ஏற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வரும்போதுதான் எல்லோரும் திடுக்கிடுவர்.

கெடு வைத்த நாடு ஒன்றையும் பார்ப்போம். நம் உறவினர் பலர் வாழும் இங்கிலாந்தில், இப்பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கின்றது. (நம்மூரில் பிரதேச சபைக்கு இதில் வேலையில்லை, சுகாதாரமும் கல்வியுமே பொறுப்பு.) 2014 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின் வழியே, பெற்றோர் விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு வாரத்துள் மதிப்பிடுவதா இல்லையா என்று மன்றம் பதில் கூறுதல் வேண்டும், இருபது வாரத்துள் பிள்ளைக்கான திட்டம் முழுமையாகக் கையளிக்கப்படல் வேண்டும். நடந்தது என்ன? 2023 ஆம் ஆண்டில் இருபது வாரத்துள் முடிந்தவை 50.3 வீதம். 2024 இல் அது 46.4 வீதமாகக் குறைந்தது. கல்வி உளவியலாளர் போதாமை பெருங்காரணங்களுள் ஒன்று. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வாழும் நம்மவர் வீடுகளிலும் இக்காத்திருப்பின் கதை பேசப்படுகின்றது.

அவ்வாறாயின் கெடுவினால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் உண்டு என்பதே நம் கருத்து. பாதிக்கும் மேற்பட்டவை தாமதமாயின என்று அந்நாட்டார் சொல்ல முடிவதே கெடு இருப்பதனால்தான். இருபத்தோராம் வாரத்தில் ஒரு தாய் அதிகாரியின் முன் நின்று, "உங்கள் நாள் கடந்துவிட்டது" என்று சொல்லலாம். நம்மூர்த் தாய் எந்நாள் கடந்தது என்று சொல்வாள்? அளவுகோல் இல்லாத இடத்தில் தாமதம் என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது.

தாமதம் வீட்டிலும் தொடங்குகின்றது என்பதை மறைப்பதற்கில்லை. "அவன்ட வாப்பாவும் நாலு வயசிலதான் கதைச்சவர்" என்று மூத்தம்மா ஆறுதல் சொல்வார். பெண் பிள்ளையாயின், பெயர் வெளியே வந்தால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது என்ன சொல்வார்கள் என்ற அச்சம் எழும். இவ்வச்சத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஊர் வாய்க்கு அஞ்ச அவர்களுக்குக் காரணமுண்டு. ஆயினும் சோதனை என்பதன் பிறப்பை அவர்கள் அறிந்தால் நன்று. 1904 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கல்வி அமைச்சர் ஒரு குழுவை அமைத்தார். ஆசிரியர் வெறுப்பினாலோ அவசரத்தினாலோ எந்தப் பிள்ளையையும் மந்தபுத்தி என்று வகுப்பிலிருந்து தள்ளிவிடாதிருக்க ஒழுங்கான சோதனை வேண்டும் என்று அக்குழு கருதியது. அதற்காகவே அல்பிரட் பினே என்பவரும் சைமன் என்பவரும் 1905 இல் முப்பது சிறு சோதனைகளை வகுத்தார்கள். பிள்ளையைக் காப்பதற்காகப் பிறந்த கருவி அது. அதில் வரும் இலக்கம் என்றும் மாறாத விதியன்று என்று பினே எச்சரித்தும் இருக்கிறார்.

சம்மாந்துறையில் நெல்லுக்குச் செய்வதைப் பிள்ளைக்கும் செய்தால் என்ன? ஆண்டுத் தொடக்கத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், வலயக் கல்வி அலுவலகமும், அதிபர்மாரும், பாலர் பாடசாலை ஆசிரியைகளும் ஒருநாள் ஒரே மேசையைச் சுற்றி அமரட்டும். ஐயத்துக்குரிய பிள்ளைகளின் பட்டியல் அங்கே வரட்டும். (பிள்ளைகளின் விவரம் ஊர் வாயில் விழாதபடி அதனைப் பேணுதல் அவர்கள் கடமை.) இப்பிள்ளையின் செவி இந்நாளுக்குள், அப்பிள்ளையின் வாசிப்பு அந்நாளுக்குள் என்று திகதி குறிக்கட்டும். ஆறு இடத்துக்குத் தாய் அலைவதற்குப் பதிலாக, மாதம் ஒருநாள் பேச்சுச் சிகிச்சையாளரும் செவிப்புலன் பரிசோதகரும் சம்மாந்துறைக்கே வருவது ஒன்றும் நடவாத காரியமன்று. அவர்கள் ஒருவர் இருவர் ஏறும் பேருந்து, இருபது தாய்மாரின் பேருந்துப் பயணத்தை மிச்சப்படுத்தும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ வேண்டியதில்லை.

அதுவரையும் ஆசிரியர் கைகட்டி இருக்கவேண்டும் என்பதில்லை. முன்வரிசையில் அமர்த்துவதற்கு எந்த வைத்தியரின் பத்திரமும் தேவையில்லை. முகம் பார்த்துப் பேசுதல், ஒரு வேளையில் ஒரு கட்டளை மட்டும் இடுதல், எழுத மாட்டாத விடையை வாயாற் கேட்டல், சற்று நேரம் கூட்டித் தருதல் என்பன நாளைக்காலையே தொடங்கக் கூடியவை. இவற்றினாலும் முன்னேறவில்லையாயின், அதனைக் குறித்து வைத்த குறிப்பே பின்னர் மதிப்பிடுபவர்க்குப் பேருதவியாகும். மாணவர்களுக்கும் ஒரு சொல்: பக்கத்து மேசையில் திக்கித் திக்கி வாசிப்பவனைக் கண்டு சிரிக்கும் ஒலி, அவனைப் பள்ளியை விட்டு ஓடச்செய்யும் வலிமை உடையது.

தாய்மார் பலர் நம்மிடம் கேட்பது, எங்கே எவ்வாறு தொடங்குவது என்பதே. பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வயதில் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை எனில், அடுத்த பிறந்தநாளுக்குக் காத்திராமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பாடசாலைப் பிள்ளையாயின் அதிபருக்குக் கடிதமாக எழுதுங்கள். வாயாற் சொன்னது காற்றோடு போகும். பிள்ளை என்ன செய்கின்றது, என்ன செய்ய முடியாதிருக்கின்றது, எப்போது முதல் என்று மூன்று நான்கு வரிகள் போதும். நோயின் பெயர் தேடவேண்டியதில்லை. மத்ரஸாவில் ஹஸரத் கண்டதையும் ஒரு வரி சேருங்கள். கடிதத்தில் திகதியிட்டு, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் மற்றொரு பிரதியையும் பதிவேட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த மேசையின் முன் நின்றாலும், எழுந்து வருமுன் அடுத்த நாள் எது என்று கேட்டு, அதனைப் பதிவேட்டின் ஓரத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.